மக்காவ் போனா பக்காரா டேபிள தாண்டி கொஞ்சம் உள்ள போங்க

ஹாங்காங் பக்கத்துல இருக்கற சூதாட்ட ஊரான மக்காவ்ல எந்த கேசினோக்குள்ள நுழைஞ்சாலும் கண்ணுக்கு எட்டுற வரைக்கும் பக்காராங்கற சீட்டாட்ட டேபிள்தான். அந்த ஊர் கேசினோ வருமானத்துல பெரும்பங்கு அதுலருந்துதான் வருது, அதனால மத்த கேம எல்லாம் ஒரு மூலைக்கு தள்ளிட்டாங்க. நம்மாளுங்க கோவால ஒருதடவை விளையாடிப் பாத்த தைரியத்துல நேரா போய் பக்காராலயே உக்காந்துடுவாங்க, ஏன்னா யோசிக்கவே வேண்டாம், பிளேயரா பேங்கரான்னு ஒரு பக்கம் சிப்ஸ, அதாவது காசுக்கு பதிலா குடுக்கற வில்லைய, வச்சா போதும். கணக்குப்படி பாத்தா அது நல்ல கேம்தான், பேங்கர் பக்கம் கேசினோவோட லாபம் 1.06 சதவீதம்தான். ஆனா சிக்கல் வேகத்துல இருக்கு. ஆயிரம் டாலர் மினிமம் டேபிள்ல ஒரு மணி நேரத்துக்கு 60 கைன்னு வச்சுக்குங்க, சராசரியா 600 டாலருக்கு மேல போயிடும், அதுவும் ஹாங்காங் டாலர். நம்ம காசுல பெருக்கிப் பாத்தா டீ கூட இறங்காது.

அதனால நான் தேடிப் போனது மெதுவா ஓடுற கேம்.

முதல்ல ஃபான்டான். இதுக்காகவே பழைய கேசினோ லிஸ்போவாக்கு போனேன். 1970ல திறந்த கட்டடம், இப்ப பக்கத்துலயே கிராண்ட் லிஸ்போவா தங்கத் தாமரை மாதிரி விரிஞ்சு நிக்கறதால இத யாரும் திரும்பிக்கூட பாக்கறதில்ல. உள்ள கூரை தாழ்வா, வெளிச்சம் மஞ்சளா, புது கேசினோ பளபளப்பு எதுவும் கிடையாது. எனக்கு அதுதான் பிடிச்சுது.

டீலர் முன்னாடி குட்டி குட்டி வெள்ளை பட்டன் ஒரு குவியலா கிடக்கும். அதுல ஒரு பகுதி மேல உலோகக் கிண்ணத்த கவுத்து அப்படியே தனியா நகர்த்திடுவாங்க, அதுக்கப்புறம்தான் எல்லாரும் பெட் வைக்கணும். முடிஞ்சதும் கிண்ணத்த தூக்கிட்டு ஒரு மெல்லிசு குச்சியால பட்டன நாலு நாலா ஒதுக்கிட்டே வருவாங்க, கடைசில மிச்சம் ஒண்ணா ரெண்டா மூணா நாலா, அவ்வளவுதான் கேமே. சொல்லும்போது சப்புன்னு இருக்கும், தெரியும். ஆனா அங்க நின்னு பாருங்க, குச்சி நகர நகர டேபிள சுத்தி இருக்கறவங்க கண்ணும் கூடவே நகரும். எனக்கு எதிர்ல ஒரு பெரியவர், இன்னும் இருபது முப்பது பட்டன் பாக்கி இருக்கும்போதே ஒரு பார்வை பாத்துட்டு முகத்த திருப்பிக்கிட்டு அடுத்த பெட்டுக்கு சிப்ஸ் எண்ண ஆரம்பிச்சுட்டார், டீலர் எண்ணி முடிக்கறதுக்கு முன்னாடியே அவருக்கு விடை தெரிஞ்சுபோச்சு. அவர் தோத்துட்டார்னு, டீலர் அவரோட சிப்ஸ எடுத்தப்பதான் எனக்கு புரிஞ்சுது.

பெட் விவரம் கொஞ்சம் பாத்துக்குங்க. ஒரே நம்பர்ல வச்சா ஒண்ணுக்கு மூணு, அதுல 5 சதவீதம் கமிஷன் பிடிச்சுட்டு 2.85 கைக்கு வரும், கேசினோ லாபம் 3.75 சதவீதம். ரெண்டு நம்பர சேத்து ஒண்ணுக்கு ஒண்ணு வச்சா கேசினோ லாபம் 2.5 சதவீதம். மூணு நம்பர சேத்து வைக்கறதுக்கு ஷே சாம் ஹாங்னு பேரு, ஜெயிச்சா 100க்கு 31 சொச்சம்தான் கிடைக்கும், ஆனா கேசினோ லாபம் 1.25 சதவீதம்தான். எண்ணி முடிக்கவே நேரம் ஆகறதால மணிக்கு 20 ஆட்டம் ஓடினா பெரிய விஷயம், இந்த மூணு நம்பர் பெட்ல 100 டாலரா வச்சா சராசரி நஷ்டம் மணிக்கு 25 டாலர். ஒரு மணி நேர வேடிக்கைக்கு இது ஒண்ணும் அதிகம் இல்ல.

அப்ப மக்காவ ஆண்ட போர்த்துகீசியர் அங்க சூதாட்டத்துக்கு லைசென்ஸ் குடுக்க ஆரம்பிச்ச 19ஆம் நூற்றாண்டுல இதுதான் ராஜா கேம். அப்ப மாடில பணக்காரங்க உக்காந்துக்கிட்டு, காச கூடைல போட்டு கயித்துல கட்டி கீழ டேபிளுக்கு இறக்குவாங்களாம். இப்ப பாக்கறவங்க பெரும்பாலும் வயசானவங்கதான், இன்னும் எத்தன வருஷம் டேபிள் போடுவாங்களோ.

அடுத்து பைகாவ், சீட்டு இல்ல, கட்டைல ஆடறது. டாமினோ மாதிரி 32 கட்டை, ஆளுக்கு நாலு. அத ரெண்டு ரெண்டா பிரிச்சு ஒரு பெரிய கை, ஒரு சின்ன கை வைக்கணும், ரெண்டுமே பேங்கர ஜெயிச்சாதான் காசு, ஒண்ணு ஜெயிச்சு ஒண்ணு தோத்தா டிரா. ஒரு கை ரெண்டு பேருக்கும் சமமா வந்தா அது பேங்கருக்குத்தான். நிறைய ஆட்டம் டிராலயே முடியறதால போட்ட சிப்ஸ் சீக்கிரம் கரையாது. ஆனா ஜோடி வரிசை இருக்கே, அதுல தர்க்கமே கிடையாது, மனப்பாடம்தான். கட்டைல இருக்கற புள்ளிய வச்சு 6-6 ஜோடி பெருசுன்னு நீங்க நினைச்சா, 1-2ம் 2-4ம் சேந்து வந்தா அதுதான் எல்லாத்துக்கும் மேல. போறதுக்கு முன்னாடி போன்ல ஒரு ஆப்ல பழகிட்டு போங்க, டேபிள்ல போய் முழிச்சா பக்கத்துல இருக்கறவங்க முறைப்பாங்க.

சிக்போ எல்லாருக்கும் ஓரளவு தெரிஞ்சதுதான், மூணு தாயக்கட்டை, கூட்டி 4லருந்து 10 வரைக்கும் சின்னது, 11லருந்து 17 வரைக்கும் பெருசு, மூணும் ஒரே நம்பர்னா ரெண்டுமே காலி. சின்னது பெருசு மட்டும் வைங்க, 2.78 சதவீதம்தான் கேசினோவுக்கு. மூணும் ஆறுன்னு வந்தா 150 மடங்குன்னு போர்டுல மின்னும், அத தொடாதீங்க, அப்படி வர வாய்ப்பு 216ல ஒண்ணு, 100 ரூபா வச்சா சராசரியா 30 ரூபா கேசினோ எடுத்துக்கும். டேபிள்ல மினிமம் கட்டுப்படியாகலன்னா ஸ்கிரீன் வச்ச மெஷின்ல கம்மியா வச்சு ஆடலாம்.

இதே மாதிரி மூணு கட்டைல நம்பருக்கு பதிலா மீன், இறால், நண்டு, சேவல்னு படம் போட்ட ஒண்ணும் இருக்கு. நம்ம ஊர் திருவிழால ஓரமா ஓடி போலீஸ் வந்தா சுருட்டிக்கிட்டு ஓடுற லங்கர் கட்டையோட அண்ணன் தம்பிதான். சும்மா ஒரு ரவுண்டு போடலாம், அதுக்கு மேல வேண்டாம்.

சில்லறை விஷயங்கள்: 21 வயசு ஆகலன்னா உள்ள விட மாட்டாங்க, பாஸ்போர்ட் கைல இருக்கட்டும். டேபிள போட்டோ எடுக்கக் கூடாது. குடிதண்ணி, மில்க் டீ ஓசி, வண்டில வச்சு தள்ளிட்டு வருவாங்க. ஹாங்காங்லருந்து வரீங்கன்னா பாலம் வழியா பஸ், பகல்ல 65 டாலர், ஆனா இந்தியன் பாஸ்போர்ட்னா ஹாங்காங்குக்கு முன்கூட்டியே ஆன்லைன்ல பதிவு பண்ணியிருக்கணும், அத மறந்தா சென்னை ஏர்போர்ட்லயே கதை முடிஞ்சுது. சிப்ஸ் எல்லாம் ஹாங்காங் டாலர் கணக்குதான். கடைல மிச்சமா வர்ற பட்டாக்காவ, அதாவது மக்காவ் காச, அங்கயே எக் டார்ட் வாங்கி தீத்துடுங்க, இங்க வந்து மணி சேஞ்சர்கிட்ட நீட்டினா அவர் அத திருப்பித் திருப்பி பாத்துட்டு உங்ககிட்டயே குடுத்துடுவார்.