ஒன்பது புள்ளி

ஸ்கிளீரோடெர்மா அபூர்வமான வருத்தம். உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்க, தோலும் சிறு இரத்தக் குழாய்களும், சிலருக்கு நுரையீரலும் இறுகிப் போகும். வன்னியில் ஒரு வைத்தியசாலையில் மருத்துவ அலுவலராக இருந்தபோது, இதற்கான வகைப்படுத்தல் அளவுகோல் (அறிகுறிகளுக்குப் புள்ளி போட்டு, ஆளை இந்த நோய்க் கணக்கில் சேர்க்கும் முறை) எங்கள் நோயாளிகளுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று பார்க்கும் வேலையில் என்னையும் சேர்த்தார்கள். என் பங்கு, ஆளைப் பார்த்துப் படிவத்தை நிரப்புவது. நோய் உண்டா இல்லையா என்பதை நிபுணர் தனியாகத் தீர்மானிப்பார். அவர் முடிவு எனக்குத் தெரியாது, என் புள்ளி அவருக்குத் தெரியாது.

அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் 2013 இல் சேர்ந்து வெளியிட்ட அளவுகோல் அது. இரண்டு கை விரல்களிலும் தோல் தடித்து, அந்தத் தடிப்பு விரல் உள்ளங்கையோடு சேரும் மூட்டையும் தாண்டியிருந்தால் அதற்கே 9 புள்ளி. மற்றவர்களுக்குச் சில்லறையாகச் சேர்க்க வேண்டும்: விரலோடு நின்ற தடிப்புக்கு 4, வெறும் வீக்கமென்றால் 2, விரல் நுனிக் குழித் தழும்புக்கு 3, குளிரில் விரல் வெளுக்கும் ரேனோவுக்கு 3, குறிப்பிட்ட எதிர்ப்பொருள்களுக்கு 3, நகக்கண்ணின் நுண்குழாய் மாற்றத்துக்கு 2, இப்படி. 9 வந்தால் ஆள் உள்ளே. 1980 ஆம் ஆண்டின் பழைய அளவுகோல் நோயாளிகளில் 75 சதவீதத்தினரைத்தான் பிடித்தது, புதியது 91. ஆனால் அந்தக் கணக்கு வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பார்த்த நோயாளிகளை வைத்துப் போட்டது.

வன்னியில் முதல் சிக்கலே குளிர்தான். “குளிரில் விரல் வெளுக்குமா?” என்று சித்திரை வெயிலில் கேட்டால் என்ன பதில் வரும்? “இஞ்ச எங்க டொக்டர் குளிர்?” என்று சிரிப்பார்கள். அதனால் வேறு மாதிரிக் கேட்கப் பழகினேன். மார்கழியில் விடியக் கிணற்றடியில் முகம் கழுவும்போது எப்படி? மழைக்குள் மோட்டார் சைக்கிள் ஓடி வந்தால்? முல்லைத்தீவுக் கரையில் மீன் வேலை செய்யும் ஒரு அக்கா இப்படிக் கேட்ட பிறகுதான் வாய் திறந்தார். “ஐஸுக்குள்ள கை விட்டா ஆருக்கும் வெளுக்கும்தானே, நான் அதை வருத்தமெண்டே நினைக்கேல்லை.” கேட்ட விதத்தில் 3 புள்ளி கூடியது.

விரல் நுனித் தழும்பு அதைவிடச் சிக்கல். இரத்த ஓட்டம் குறைந்து வந்த குழியாக இருக்க வேண்டும், காயத்தால் வந்தது கணக்கில்லை என்று அளவுகோலே சொல்கிறது. இங்கே காயமில்லாத கை எது? மண்வெட்டி, அருவாள், முள்ளுக்கம்பி, அதற்கெல்லாம் மேலே போரில் பட்ட ஷெல் துண்டு. ஒவ்வொரு தழும்பும் எங்கே, எப்போது வந்தது என்று ஆட்களே வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். படிவத்தில் ஒரு சின்னக் கட்டம்தான். அதை நிரப்பப் போர் முடிந்த 2009 வரை போய்வர வேண்டியிருந்தது.

தோல் நிறமும் விளையாடும். விரிந்த சிறு இரத்தக் குழாய்கள் சிவப்புப் புள்ளியாகத் தெரிந்தால் 2 கிடைக்கும். கறுத்த தோலில் அவை லேசில் தெரியாது. எங்களுக்கு நன்றாகத் தெரிவது உப்பும் மிளகும் தூவியது போன்ற நிறமாற்றம். அதற்குப் புள்ளியே இல்லை. இது எனக்கு இன்னமும் ஒரு குறையாகவே படுகிறது.

நோயாளிகளை மட்டும் பார்த்தால் சோதனை ஆகாது. சுளகு நல்லதா என்று பார்க்க நெல்லோடு பதரும் வேண்டும் (யாரையும் பதர் என்று சொல்லவில்லை, கோபிக்க வேண்டாம்). எங்களுக்குக் குறைவில்லாமல் கிடைத்தவர்கள் நெடுநாள் சீனி வருத்தக்காரர். அவர்களில் சிலருக்கு விரல் தோல் தடித்து, கும்பிடச் சொன்னால் உள்ளங்கைகள் ஒட்டாது. தடிப்பை மட்டும் பார்த்தால் 4 விழுந்துவிடும். அப்படிப்பட்டவர்களை ஒதுக்கச் சொல்லி அளவுகோலிலேயே குறிப்பு உண்டு. ஆனால் சீனி வருத்தமும் ஸ்கிளீரோடெர்மாவும் ஒரே ஆளிடம் இருக்கக்கூடாது என்று சட்டமா என்ன?

நான் அதிகம் வாதாடியது வெற்றுக் கட்டங்களுக்காக. எதிர்ப்பொருள் சோதனைக்கு இரத்தம் கொழும்புக்குப் போக வேண்டும். தனியாரில் செய்யக் காசில்லாதவருக்கு அந்தக் கட்டம் வெறுமையாகவே கிடக்கும். கூட்டும்போது வெறுமை 0 ஆகிவிடும். அப்படிப் பார்த்தால் காசுள்ளவருக்கு நோய் கூட, இல்லாதவருக்குக் குறைவு. ‘இல்லை’ என்பதற்குப் பக்கத்தில் ‘செய்யவில்லை’ என்று இன்னொரு கட்டம் போடச் சொன்னேன். வேலை கூடுகிறது என்று முணுமுணுத்தார்கள், பிறகு போட்டார்கள்.

ஒரு தங்கச்சிக்கு வீங்கிய விரல் 2, ரேனோ 3, எதிர்ப்பொருள் 3. மொத்தம் 8. கொப்பியை எட்டிப் பார்த்துவிட்டு, “ஒரு புள்ளி காணாது எண்டால் மருந்து இல்லையோ?” என்று கேட்டார். இந்தப் புள்ளிகள் ஆய்வுக்கு ஆட்களைச் சேர்ப்பதற்குத்தான், மருந்தை இது தீர்மானிக்காது என்று சொல்லி, இரத்தக் குழாயை விரிக்கும் நிஃபெடிபின் மருந்தைத் தொடர்ந்து எழுதினேன். அவர் படிவத்தில் நகக்கண் கட்டம் ‘செய்யவில்லை’ என்றிருந்தது. அதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. ஒரு சொட்டு எண்ணெய் வைத்து, தோல் மருத்துவர் வைத்திருக்கும், தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப்பால் பார்க்கலாம். அடுத்த திகதியைத் தோல் கிளினிக் நாளில் போட்டு, நகத்துக்குக் கியூட்டெக்ஸ் பூசாமல் வரச் சொன்னேன்.