தேவனாம்பட்டினத்தில் கேட்ட சென்ட்ரல் மெட்ரோ கதை

கடலூருக்குப் போகிறவர்கள் சில்வர் பீச்சுக்குப் போவார்கள், இல்லையென்றால் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போவார்கள். நான் போனது சென்னை சென்ட்ரல் மெட்ரோ நிலையத்தைப் பற்றிக் கேட்க. அதைக் கட்டியவர்களில் என் மாமாவும் ஒருவர். கம்பி கட்டும் மேஸ்திரியாக அங்கே வருடக்கணக்கில் வேலை பார்த்துவிட்டு இப்போது தேவனாம்பட்டினத்தில் இருக்கிறார்.

வேலைக்குப் போகும்போது அந்த நிலையத்தில்தான் ரயில் மாறுகிறேன். விமான நிலையத் தடமும் பரங்கிமலைத் தடமும் அங்கே சந்திக்கின்றன. 2018 மே மாதம் ஒரு தடம் திறந்தது, 2019 பிப்ரவரியில் மற்றதும் சேர்ந்துகொண்டது. பரப்பு 70,000 சதுர மீட்டர் என்கிறார்கள். மேலே பூந்தமல்லி நெடுஞ்சாலை. ஓரத்தில் 1873-ல் எழுந்த சென்ட்ரல் ரயில் நிலையம், அதே வரிசையில் 1913-ல் முடிந்த ரிப்பன் மாளிகை, எதிரே அரசு பொது மருத்துவமனை. இத்தனைக்கும் நடுவில், எதுவும் சரியாமல், அவ்வளவு பெரிய பள்ளத்தை எப்படித் தோண்டினார்கள் என்ற கேள்வி எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

கிழக்குக் கடற்கரைச் சாலை, புதுச்சேரி, அப்புறம் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையம். அங்கிருந்து கெடிலத்தைத் தாண்டி ஆட்டோவில் தேவனாம்பட்டினம். வழியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

மாமா வீட்டுக்கு அடுத்த மனையில் உறைகிணறு இறக்கிக்கொண்டிருந்தார்கள். சிமென்ட் உறைக்குள் ஒருவர் குனிந்து மணலை வாரிக் கூடையில் போடுகிறார், மேலே இருப்பவர் கயிற்றை இழுக்கிறார். கொஞ்சம் மண் போனதும் உறை ஒரு விரற்கடை இறங்குகிறது. ஆள் உயரம்கூடப் போகவில்லை, அதற்குள் தண்ணீர் அவர் முழங்காலுக்கு வந்துவிட்டது.

"இங்க மண்ணை எடுத்தா உறை இறங்குது. அங்க தலைகீழ், மாப்ள. சுவரை முதல்ல பூமிக்குள்ள இறக்கிட்டுத்தான் உள் மண்ணையே தொடுவோம்" என்றார் மாமா.

அந்தச் சுவருக்கு டயாஃப்ரம் சுவர் என்று பெயர். கிரேனில் தொங்கும் ஒரு பெரிய இரும்புக் கவ்வி, ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலத்துக்கு நேர்க்கோடாக மண்ணைக் கவ்விக் கவ்வி எடுக்கும். சும்மா விட்டால் பள்ளத்தின் இரு பக்கமும் சரிந்துவிடும். அதனால் தோண்டத் தோண்ட பென்டோனைட் என்ற களிமண் கரைசலை ஊற்றிக்கொண்டே வருவார்கள். தண்ணீரைவிடக் கனமான அந்தக் கரைசல்தான் மண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. முழு ஆழம் வந்ததும் கம்பிக்கூட்டை உள்ளே இறக்கி, நீளமான குழாய் வழியாக அடியிலிருந்து கான்கிரீட் போடுவார்கள். கான்கிரீட் ஏற ஏறக் கரைசல் மேலே வரும். அதை உறிஞ்சிச் சுத்தம் செய்து அடுத்த பள்ளத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். கான்கிரீட் ஆரம்பித்துவிட்டால் பாதியில் நிறுத்தக் கூடாது. அதற்கான லாரிகள் அந்தச் சாலைக்கு இரவில்தான் வர முடியும் என்பதால் மாமாவுக்குப் பல இரவுகள் தூக்கமே இல்லை.

கம்பிக்கூடு பற்றிப் பேச ஆரம்பித்ததும் அவர் குரலே மாறிவிட்டது. தரையில் படுக்க வைத்துக் கட்டிய கூட்டை இரண்டு கிரேன்கள் சேர்ந்து, வளையாமல் நிமிர்த்த வேண்டும். பின்னால் நிலையத்தின் தளங்கள் எந்த மட்டத்தில் வரப்போகின்றனவோ, அந்த மட்டத்தில் கூட்டிலேயே கம்பியோடு கம்பியை இணைக்கும், மரை உள்ள குழாய்த் துண்டுகளான கப்ளர்களைப் பொருத்தி, கான்கிரீட் புகாமல் மூடிவிடுவார்கள். மாதங்கள் கழித்து மண்ணை எடுத்துக்கொண்டே அந்த ஆழத்துக்கு வரும்போது, சுவரின் மேல்பூச்சைக் கொத்தினால் கப்ளர் வாய் தெரியும். தளத்தின் கம்பியை அதில் திருகுவார்கள். கூடு கொஞ்சம் ஏறி இறங்கி நின்றிருந்தாலும் தளம் சேராது. "நான் கட்டினதை நானே கொத்திப் பார்த்தேன். வரிசையா இருந்துச்சு" என்றார். கட்டுக்கம்பி முறுக்கும் கொக்கியை இன்னும் வைத்திருக்கிறார். கைப்பிடி தேய்ந்து வழவழவென்றிருக்கிறது.

சுவர்கள் முடிந்ததும் கூரையை முதலில் போட்டு, அதற்கு அடியில் மண்ணை எடுத்து, அடுத்த தளம், பிறகு அதற்கும் அடியில். இப்படி மேலிருந்து கீழே கட்டிக்கொண்டு போவதால் தளங்களே சுவர்களை உதைத்து நிறுத்துகின்றன. பழைய கட்டடங்களில் அளவு பார்க்கும் கருவிகளைப் பொருத்தி, ஒரு மில்லிமீட்டர் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்களாம்.

சாப்பிடும்போது அத்தை சங்கரா மீன் குழம்பு ஊற்ற, பேச்சு தண்ணீருக்கு வந்தது. என் கேள்விக்கு உண்மையான பதில் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன்: இந்த வேலையில் மண்ணைவிடத் தண்ணீர்தான் பெரிய எதிரி. நிலத்தடி நீர் 20 மீட்டர் உயரத்துக்கு நின்றால் அடித்தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 20 டன் விசையோடு மேலே தள்ளும். காலிப் பெட்டியான நிலையம் மிதக்கப் பார்க்கும். அதன் எடையும், சுவரைப் பிடித்திருக்கும் மண்ணும் சேர்ந்துதான் அதை அழுத்தி வைக்கின்றன.

"நம்ம நெய்வேலி மாதிரி இறைச்சுக்கிட்டே இருக்க முடியாதா மாமா?"

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நீர் நிற்கிறது. அது சுரங்கத் தரையைப் பிளந்துகொண்டு வராமலிருக்க இரவு பகலாகப் பம்ப் ஓடுகிறது. சென்ட்ரலில் அப்படி இறைத்தால் சுற்றியுள்ள நீர்மட்டமும் இறங்கும், மண் அமுங்கும். "ரிப்பன் பில்டிங் உட்காந்துடும். அதான் சுவரை வச்சுத் தண்ணிய வெளியவே நிறுத்துனோம்."

இதையெல்லாம் ஒரு குறுக்குவெட்டுப் படமாக வரைந்து அந்த நிலையத்தின் சுவரில் மாட்டியே ஆக வேண்டும். நடந்து போகிற பிள்ளைகள் நின்று பார்க்கட்டும். கம்பி கட்டியவர்கள் பெயரையும் அதில் போடலாம்.

சாயங்காலம் புனித டேவிட் கோட்டைப் பக்கம் நடந்தோம். 1690-ல் ஆங்கிலேயர் கைக்கு வந்த கோட்டை. நெய்வேலிச் சுரங்கத்தை அடுத்த தடவை பார்க்க முடியுமா என்று கேட்டேன். உள்ளே போக அனுமதி வேண்டும், தெரிந்தவரிடம் சொல்லி வைக்கிறேன் என்றார் மாமா.