அப்பாவின் துப்பாக்கி கடைக்குச் சொந்தமில்லை

அப்பா காரியம் முடிந்து கடை திறந்த அன்று சித்தப்பா லாக்கரைக் காட்டி, "அதை எடுத்துக் கல்லாவுல வச்சுக்கடா, லைசென்ஸ் இருக்கிற துப்பாக்கிதானே" என்றார். சித்தப்பா மட்டுமில்லை, கடைத்தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். லைசென்ஸ் கடைக்குக் கிடையாது, அப்பா என்கிற ஒரு ஆளுக்கு. அவர் போனபிறகு அதே ரிவால்வரை நான் வைத்திருந்தால் அது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. ஆயுதச் சட்டத்தில் வந்த 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குத் தண்டனை குறைந்தது 2 வருஷம், 5 வருஷம் வரை போகும்.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்களுடையது நகை அடகுக்கடை. அப்பா 1998-ல் பாயிண்ட் 32 ரிவால்வருக்கு லைசென்ஸ் வாங்கினார். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்தான் என்பதால் அப்போது எல்லாவற்றுக்கும் தர்மபுரி கலெக்டர் ஆபீசுக்கு அலைந்திருக்கிறார். சாயங்காலம் நகைப்பையோடு பேங்க் லாக்கருக்குப் போகும்போது மட்டும் இடுப்பில் இருக்கும், சட்டை மேலே மறைத்திருக்கும், யாரிடமும் எடுத்துக் காட்டி நான் பார்த்ததில்லை. லைசென்ஸ் தமிழ்நாட்டுக்கு மட்டும்தான். அதனால் பெங்களூர் போகிற நாளில், உண்மையில் பயம் அதிகமாக இருக்க வேண்டிய நாளில், அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் குற்றம் என்று கடையிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போவார். தேர்தல் அறிவிப்பு வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி, முடிந்ததும் திரும்ப எடுத்து வருவார். புதுப்பிக்கும் தேதியை காலண்டரிலேயே வட்டம் போட்டு வைத்திருப்பார், முன்பு 3 வருஷத்துக்கு ஒருமுறை, இப்போது 5 வருஷம்.

தேர்தல் நேரத்தில் அவர் செய்வதையே நானும் செய்தேன். அன்றைக்கே ரிவால்வர், மிச்சமிருந்த தோட்டாக்கள், லைசென்ஸ், இறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். வெளியே வந்தபோது கை வெறுமையாக இருந்தது, அது துப்பாக்கிக்காக இல்லை.

எனக்கு வேண்டுமா என்று ஒரு மாசம் யோசித்தேன். 2021 ஜனவரியில் ஓசூரில் பட்டப்பகலில் ஒரு நகைக்கடன் நிறுவனத்தில் துப்பாக்கி காட்டி 25 கிலோ அளவுக்கு நகையை அள்ளிக்கொண்டு போனார்கள், மறுநாளே பிடிபட்டார்கள் என்றாலும் அந்த வாரம் அப்பா தூங்கவில்லை. அப்படி ஒரு கும்பல் நம் கடைக்குள் வந்தால் ஒரு ரிவால்வர் காப்பாற்றும் என்று நான் நம்பவில்லை. சுட ஆரம்பித்தால் கவுண்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற அக்காமார்கள்தான் முதலில் சாவார்கள். ஆனால் இருட்டில் நகைப்பையோடு தனியாக நடக்கிற அந்தப் பத்து நிமிஷம் வேறு, அதற்காக மனு போட்டேன். வாரிசு என்பதால் அப்பாவின் துப்பாக்கியையே என் பெயருக்குக் கேட்கலாம், ஆனால் தானாக வந்துவிடாது. போலீஸ் விசாரணை, டாக்டர் சான்றிதழ், 2016 ஆயுத விதிகள் கேட்கிற பாதுகாப்புப் பயிற்சி எல்லாம் எனக்குப் புதிதாக வேண்டும். அதுதான் சரி. அப்பாவின் நிதானம் எனக்கும் இருக்கிறதா என்று யாராவது பார்த்துத்தானே கொடுக்க வேண்டும்.

போன வாரம் விசாரணை முடிந்தது. கலெக்டர் உத்தரவு வரும்வரை அஞ்சு மணிக்கே கடையைச் சாத்தி, வெளிச்சம் இருக்கும்போதே சித்தப்பாவும் நானும் சேர்ந்து பேங்குக்குப் போகிறோம்.