அடம்பனில் விட்டு வந்தவை

ஜூன் 4, 2024. பாம்பாறு அணை அகதி முகாம், ஊத்தங்கரை

மதியம் இலங்கையின் மன்னார் அடம்பனிலிருந்து, எங்கள் பழைய ஊரிலிருந்து, வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. 1990இல் போருக்குத் தப்பி நாங்கள் படகேறியபோது, அம்மா வீட்டுச் சாமான்களை ஒரு மாமியிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். அந்த மாமியின் மகள் பேசினார். மாமி காலமாகிவிட்டாராம். “அம்மாவின் பெட்டியில் உங்கள் காணி உறுதி (நிலப் பத்திரம்) இருக்கிறது. என்ன செய்யட்டும் அக்கா?”

மாமி எங்களுக்குச் சொந்தமில்லை. அம்மாவிடம் சட்டை தைக்க வருவார், அவ்வளவுதான் பழக்கம்.

ஜூன் 5

ஒப்படைத்தவை: தையல் மெசின், குத்துவிளக்கு, வெண்கலப் பானை, அம்மம்மாவின் சீதனக் காணி உறுதி. கடலில் நனைந்துவிடும் என்று அப்பாதான் உறுதியைக் கொண்டுவர வேண்டாம் என்றார். கொண்டுவந்த காப்புகள் படகுக் கூலிக்கே போயின.

கொடுத்துவைத்ததையெல்லாம் அங்கே விற்றுத் தின்றிருப்பார்கள் என்று முகாமில் சிலர் பேசும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. நாங்கள் ராமேசுவரம் அருகே மண்டபம் முகாமுக்கு வந்து, பிறகு இந்த அணையோரம் தங்கிவிட்டோம். மாமி குடும்பத்தாரோ 2008இல் போர் நெருங்கவே அடம்பனை விட்டுக் கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று ஓடி, கடைசியில் வவுனியாவின் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் முள்வேலிக்குள் கிடந்தார்கள். பதுங்குகுழிக்குள் இறங்கும்போது எதைத் தூக்குவது, எதை விடுவது? மெசினும் பானையும் போனதில் என்ன வியப்பு! பிறத்தியார் உறுதி ஒன்று அத்தனை ஷெல்லடிக்கும் தப்பி வந்ததுதான் எனக்கு விளங்கவில்லை.

ஜூன் 9

மாங்காய் மண்டி வேலை முடிந்து வந்து, அம்மாவை மாமியின் மகளுடன் பேசவைத்தேன். “உங்கள் காணி உறுதி பத்திரமா, பிள்ளை?” என்று அம்மா கேட்டார். அந்தப் பக்கம் சற்று நேரம் பேச்சில்லை. அவர்களுடைய உறுதி இருந்த பையை, ஓடிய வழியில் மாத்தளன் என்ற ஊரில் தவறவிட்டார்களாம். எங்களுடையதை மாமி இடுப்பில் கட்டியிருந்ததால் அது மிஞ்சியது.

இலங்கையில் ஒரு காணியைப் பத்து ஆண்டு தடையில்லாமல் ஆண்டுவிட்டால், ஆள்பவர் உரிமை கோரலாம். உறுதி இல்லாதவர் வழக்காடுவது எவ்வளவு கடினம்! அவர்களுடைய காணியில் இப்போது வேறொருவர் வேலி போட்டிருக்கிறார்.

ஜூன் 10

எங்கள் உறுதியைத் தபாலில் அனுப்ப வேண்டாம், அங்கேயே இருக்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். மன்னார் காணிப் பதிவகத்தில் அவர்களுடைய உறுதிக்குப் பிரதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். செலவு நம்முடையது என்கிறார். மண்டிக் கூலி சனிக்கிழமை கிடைக்கும். விண்ணப்பத்துக்கு உறுதி எழுதிய நொத்தாரிசின் (பத்திரம் எழுதும் சட்ட அலுவலரின்) பெயரும் ஆண்டும் தேவைப்படுமாம். கேட்டு அனுப்பியிருக்கிறேன்.