ஐந்து பொத்தான்களிலிருந்து ஆறு கம்பிகளுக்கு

2005 ஆம் ஆண்டு பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக வெளிவந்த கிட்டார் ஹீரோ விளையாட்டின் பாடல்களை மிகக் கடினமான நிலையில் வாசித்து முடித்தவன் என்ற பெருமிதத்தோடுதான் நான் முதன்முதலாக ஒரு உண்மையான கிட்டாரை மடியில் வைத்தேன். அந்தப் பெருமிதம் பத்து நிமிடங்கள்கூடத் தாங்கவில்லை. அந்த விளையாட்டின் பிளாஸ்டிக் கிட்டாரில் கம்பியே கிடையாது. இடக்கை ஐந்து வண்ணப் பொத்தான்களை அழுத்த, வலக்கை ஒரு சிறு பட்டையை மேலும் கீழும் தட்ட, ஏற்கெனவே பதிவாகியிருக்கும் இசை ஒலிக்கும், அவ்வளவுதான். தாளம் தவறாமல் கையை ஓட்டும் பழக்கம் அதில் எனக்குக் கிடைத்தது என்பது உண்மை. சுரம் எங்கே பிறக்கிறது என்பது மட்டும் தெரியவேயில்லை.

2010 இல் வந்த ராக் பேண்ட் 3 என்ற விளையாட்டு இந்த இடைவெளியைக் குறைக்க முயன்றது. அதற்கென உருவான ஒரு கருவியில், ஆறு கம்பிகளுக்கும் பதினேழு ஃபிரெட்டுகளுக்குமாக (கிட்டாரின் கழுத்தில் கம்பிகளுக்குக் குறுக்கே பதித்திருக்கும் பட்டைகள்) மொத்தம் 102 பொத்தான்கள் இருந்தன. மறு ஆண்டே வெளியான ராக்ஸ்மித் நேர்மாறான வழியை எடுத்தது: வீட்டில் இருக்கும் எந்த மின் கிட்டாரையும் ஒரு கேபிள் வழியாக யுஎஸ்பியில் செருகிவிடலாம், கம்பி எழுப்பும் அதிர்வெண்ணை மென்பொருளே கணித்து, வாசித்தது சரியா தவறா என்று சொல்லிவிடும். எனக்கு வாய்த்தது இரண்டாவது வழி.

அதில் நான் கற்ற முதல் பாடம், விளையாட்டாகவே தோன்றாத ஒன்று: வாசிக்கத் தொடங்கும் முன் சுருதி சேர்ப்பது. மிகத் தடித்த கம்பி ஏறக்குறைய 82 ஹெர்ட்ஸிலும், மிக மெல்லிய கம்பி அதற்கு இரண்டு ஸ்தாயி மேலே ஏறக்குறைய 330 ஹெர்ட்ஸிலும் நிற்க வேண்டும். திரையில் சுருதியைக் காட்டும் முள் நடுவில் வந்து நிற்கும்வரை முறுக்காணியைத் திருப்பித் திருப்பி, சில வாரங்களில் முள்ளைப் பார்ப்பதற்கு முன்பே கம்பி தளர்ந்திருப்பதைக் காது சொல்லத் தொடங்கியது. ஒரு விளையாட்டு எனக்குத் தந்தவற்றில் இதைவிட மதிப்புள்ளது வேறெதுவும் இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

அடுத்ததாக, சலிப்பைத் தாங்கும் வழி. தொடக்கத்தில் ஒரு பாடலின் சில சுரங்களை மட்டுமே திரையில் காட்டி, சரியாக வாசிக்க வாசிக்க மீதமுள்ளவற்றை அது சேர்த்துக்கொண்டே போகும். இடறுகிற பகுதியை மட்டும் தனியே பிரித்து, வேகத்தைக் குறைத்து, எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப வாசிக்கலாம். ஒரே நான்கு தாளச் சுற்றுகளை நாற்பது முறை வாசிக்கச் சொல்லி ஓர் ஆசிரியர் பணித்திருந்தால் நான் ஏதாவது காரணம் சொல்லி நழுவியிருப்பேன். மதிப்பெண்ணுக்காக அதையே முகம் சுளிக்காமல் செய்தேன். விரல் நுனிகள் காய்த்துப்போனதும் அந்தப் பிடிவாதத்தால்தான்.

ஒரு மாதம் முழுவதும், நான் எப்போதும் சற்றே பிந்தி வாசிப்பதாக எண்ணி மனம் நொந்ததையும் இங்கே சொல்லிவிட வேண்டும். குற்றம் என் கையில் இல்லை, தொலைக்காட்சி ஒலியைப் பதப்படுத்தி வெளியிட எடுத்துக்கொண்ட நேரத்தில் இருந்தது. நூறு மில்லி விநாடித் தாமதம் என்பது, ஏறத்தாழ 34 மீட்டர் தள்ளி நிற்கும் ஒலிபெருக்கியில் நம் வாசிப்பை நாமே கேட்பதற்குச் சமம். ஒலியைத் தொலைக்காட்சிக்கு அனுப்பாமல் நேரடியாக ஹெட்ஃபோனில் கேட்டபோது அந்தச் சிக்கல் தீர்ந்தது.

தீராதது வேறொன்று. நன்றாக வாசிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் வந்தபோது, தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் மதிப்பெண் வாங்கியிருந்த ஒரு பாடலைப் பெருமையோடு வாசித்துக் காட்டினேன். முடியும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "திரையை அணைத்துவிட்டு வாசியுங்களேன்" என்றார். ஐந்தாவது தாளச் சுற்றில் கை நின்றுவிட்டது. நான் பாடலைக் கற்கவில்லை. வந்துகொண்டிருக்கும் வண்ணக் கட்டைகளுக்கு உடனுக்குடன் எதிர்வினை செய்யக் கற்றிருந்தேன்.

அவர் சுட்டிய மற்ற குறைகள் இன்னும் கூர்மையானவை. தடித்த கம்பியின் ஐந்தாம் ஃபிரெட்டில் எழும் சுரமும் அதற்கடுத்த கம்பியைத் திறந்து மீட்டினால் எழும் சுரமும் ஒன்றே, இரண்டும் 110 ஹெர்ட்ஸ்தான். ஒலியை மட்டும் கேட்கும் மென்பொருளுக்கு நான் எங்கே வாசித்தேன் என்பது தெரியாது. அதனால் எனக்கு எளிதான இடங்களிலேயே வாசித்துப் பழகியிருந்தேன். பொத்தான் கருவியோ இடத்தை அறியும், ஒலியை அறியாது. ஒலிக்கக் கூடாத கம்பிகளை உள்ளங்கையால் அடக்காமல் விடுவதையும், தேவைக்கு மேல் அழுத்திச் சுருதியைச் சற்றே உயர்த்திவிடுவதையும், ஃபிரெட்டில் கம்பி உரசி இரைவதையும் ஒரு மனிதக் காது உடனே கண்டுகொள்கிறது. என் மதிப்பெண்ணில் இவை எதுவும் எதிரொலித்ததில்லை.

அதன் பிறகு விளையாட்டை நான் விடவில்லை, விளையாடும் முறையை மாற்றினேன். 2013 இல் வெளியான 'ராக்ஸ்மித் 2014' பதிப்பில், நன்றாகத் தேறிய பகுதிகளில் சுரக்குறிகளைத் திரையிலிருந்து மெல்ல மறையச் செய்யும் வசதி உண்டு; முன்பு எரிச்சலூட்டிய அதையே விரும்பிப் பயன்படுத்தினேன். வாரம் ஒருமுறை மூலப் பாடலின் துணையில்லாமல் என் வாசிப்பை மட்டும் பதிவு செய்து கேட்கிறேன், அது இனிய அனுபவம் அன்று. இப்போதெல்லாம் தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டி அமர்ந்து வாசித்துவிட்டு, பாடல் முடிந்த பிறகே திரும்பி மதிப்பெண்ணைப் பார்க்கிறேன். நேற்று எழுபத்தொரு விழுக்காடு. ஆள்காட்டி விரலை ஆறு கம்பிகளின் மீதும் படுக்க வைக்க வேண்டிய எஃப் கார்டில்தான் (பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிக்கும் பிடி) பெரும்பாலும் கோட்டை விட்டிருந்தேன். அதில் இரண்டாம் கம்பி இன்னும் ஊமையாகத்தான் இருக்கிறது.