சிவப்பு நூல் கட்டிய சீவாளி

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு மூலை எனக்கென்று ஒதுக்கப்பட்டது. அங்கே யாரும் தட்டு வைக்கக் கூடாது. ஒரு கத்தி, சாணைக்கல், சிவப்பு நூல்கண்டு, பழைய மாத்திரை டப்பாவில் கொஞ்சம் தண்ணீர், எங்கே தொட்டாலும் நாணல் தூள். மகள் ஓபோ என்ற மேற்கத்திய ஊதுவாத்தியம் வாசிக்கிறாள். வாயில் வைத்து ஊதும் அதன் நாணல் நாக்கான ரீட்டைச் சீவுவது என் வேலை. எனக்கு ஓபோவில் ஒரு ஸ்வரம்கூட ஒழுங்காக வாசிக்கத் தெரியாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் ஒரு வாத்தால் வந்த வினை. நாங்கள் இருப்பது ஃபிலடெல்ஃபியாவுக்குப் பக்கத்தில். அவள் நான்காம் வகுப்பில் இருந்தபோது பள்ளியில் ரஷ்ய இசையமைப்பாளர் ப்ரோகோஃபியெவின் 'பீட்டரும் ஓநாயும்' என்ற இசைக்கதையைப் போட்டுக் காட்டினார்கள். அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வாத்தியம். பறவைக்குப் புல்லாங்குழல், பூனைக்குக் கிளாரினெட், தாத்தாவுக்குப் பஸ்ஸூன், ஓநாய்க்கு மூன்று ஹார்ன், வாத்துக்கு ஓபோ. ஓநாய் வாத்தை முழுசாக விழுங்கிவிடும். கதை முடியும்போது அதன் வயிற்றுக்குள்ளிருந்து வாத்து கத்துவது கேட்கும். மற்ற பிள்ளைகள் ஓநாய் பின்னால் போக, இவள் அந்த வயிற்றுக்குள் கேட்ட சத்தத்தைப் பிடித்துக்கொண்டாள்.

வாத்தியத்தை வாடகைக்கு எடுத்தோம். அதுவரை செலவு கட்டுப்பாட்டில்தான் இருந்தது. ஆனால் கையால் செய்த ரீட் ஒன்று இருபது டாலருக்குக் குறைந்து எங்களுக்குக் கிடைக்கவில்லை. பத்துப் பதினைந்து மணி நேரம் வாசித்தால் அதன் ஆயுள் முடிந்துவிடும். சரி, நாமே செய்துவிடலாம் என்று கத்தி, அச்சு எல்லாம் வாங்கினேன். அந்தப் பணத்துக்கு இரண்டு வருடம் ரீட் வாங்கியிருக்கலாம் என்று மனைவி ஒரு கணக்குச் சொன்னாள். கணக்கில் தப்பு எதுவும் இல்லை.

நல்ல நாணல் பெரும்பாலும் பிரான்சின் தெற்கே, மத்தியதரைக் கடலோரத்து வார் பகுதியில் விளைவது. சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத குழாயை நீளவாக்கில் மூன்றாகப் பிளந்து, உள்பக்கத்தைக் குடைந்து நடுவில் 0.6 மி.மீ. கனத்துக்குக் கொண்டுவருவார்கள். அதுவரை தயாரானதைத்தான் நான் வாங்குகிறேன். ஊறவைத்து, பாதியாக மடித்து, அச்சில் வைத்து ஓரத்தைக் கத்தியால் எடுத்து, அடியில் கார்க் சுற்றிய 47 மி.மீ. உலோகக் குழாயின் தலையில் நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். மடிப்பை வெட்டினால் ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு நாக்குகள். அப்புறம்தான் சீவல் தொடங்கும். நுனிக்கு வரும்போது 0.1 மி.மீ.தான் மிஞ்சியிருக்கும். அந்த இடத்தில் ஒரு சுரண்டு கூடிப்போனால் ஒரு மணி நேர வேலை குப்பைக் கூடைக்கு.

ரீட்டை மட்டும் வாயில் வைத்து ஊதிப் பார்ப்பதற்கு இங்கே 'க்ரோ' என்று பெயர், காகம் கரைவதுதான். நல்ல ரீட் என்றால் 'ஸி' ஸ்வரம் இரண்டு ஸ்தாயியில் சேர்ந்தாற்போல் கரையும். நான் செய்த முதல் ரீட் கேஸ்கெட் போன குக்கர் மாதிரி காற்றைத்தான் விட்டது.

அதை ஊதிக்கொண்டிருந்தபோது அம்மா கும்பகோணத்திலிருந்து வீடியோவில் வந்தார். "என்னடா, சீவாளியா சீவுறே?" என்றார். அம்மா பிறந்தது திருவாவடுதுறைக்குப் பக்கத்துக் கிராமம். நாதஸ்வரச் சீவாளிக்குப் பேர்போன இடம் அது. அங்கே கொறுக்கை நாணல், இங்கே பிரெஞ்சு நாணல். அங்கே சீவாளியைச் செருகும் கெண்டை என்ற உலோகக் குழாய், இங்கே கார்க் குழாய். இரட்டை நாக்கும் நூல் கட்டும் கூம்புத் துளையும் இரண்டுக்கும் பொது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ரீட் போய்ச் சீவாளி வந்துவிட்டது. ஓபோவின் மூதாதையான ஷாம் வெட்டவெளியில் முழங்கிய வாத்தியம். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசவை இசைக்கலைஞர்கள் அதை அறைக்குள் வாசிக்கத் தோதாக மாற்றினார்கள். ஆனாலும் பிரெஞ்சில் அதற்கு வைத்த பெயரின் பொருள் 'உரத்த மரம்'.

நான் சீவும் பாணி இந்த ஊரில் உருவானது. ஃபிலடெல்ஃபியா ஆர்க்கெஸ்ட்ராவில் 1915 முதல் 1954 வரை முதல் ஓபோவாக இருந்த மார்செல் டாபுடோ என்ற பிரெஞ்சுக்காரர், நுனியில் மட்டும் சீவி நிறுத்தாமல் நாணலின் கீழ்ப்பகுதி வரை நீளச் சீவும் முறையை இங்கே நிலைநிறுத்தினார். கர்ட்டிஸ் இசைப்பள்ளியில் அவரிடம் படித்தவர்கள் அமெரிக்கா முழுக்கப் பரவினார்கள்.

அவர்களில் ஒருவர் ஜான் டி லான்சி. அவர் கதை எனக்கு மனப்பாடம். 1945இல் அமெரிக்கப் படைவீரராக ஜெர்மனியில் இருந்தபோது, கார்மிஷ் ஊரில் வயதான இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் வீட்டுக்குப் போகிறார். ஓபோவுக்குக் கச்சேரி உருப்படி எழுத யோசித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில். ஆனால் அந்த வருடமே ஸ்ட்ராஸ், ஆர்க்கெஸ்ட்ராவோடு ஓபோ முன்னின்று வாசிக்கும் ஓபோ கான்செர்ட்டோவை எழுதிவிட்டார். 1946இல் ஜூரிக்கில் அரங்கேற்றம். அமெரிக்காவில் முதலில் வாசிக்கும் உரிமையை டி லான்சிக்கே கொடுக்க விரும்பினார். ஆனால் அவர் அப்போது இங்கே டாபுடோவுக்குக் கீழே இளையவர். இளையவர் முன்னால் வந்து தனியாக வாசிப்பதாவது! வாய்ப்பு வேறொருவருக்குப் போயிற்று. 1954இல் டாபுடோவின் நாற்காலி அவருக்கே கிடைத்தது என்பது வேறு விஷயம். ஸ்ட்ராஸ் வீட்டுக்குப் போய்க் கேட்டவன் வாயில் ஒரு சீவாளியோடு தன் முறைக்குக் காத்து உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மகளுக்கு இந்தக் கதையில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. அவள் கவலை மூச்சு. காற்றுப் போதாமல் திணறுவாள் என்று நினைத்திருந்தேன். விஷயம் நேர் எதிர். நாக்குகளுக்கு நடுவிலுள்ள இடுக்கு அவ்வளவு சிறியது, காற்று செலவாவதே இல்லை. பழைய மூச்சை முதலில் வெளியே விட்டுவிட்டுத்தான் புது மூச்சை இழுக்க வேண்டும். அதற்கு இடைவெளி தேடுவதுதான் பாடு.

போன டிசம்பரில் பள்ளிக் கச்சேரி. சுருதி சேர்க்க முதலில் 'ஏ' ஸ்வரம் கொடுப்பது ஓபோ. அதன் குரல் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வரும், ஆடாமல் நிற்கும். புல்லாங்குழல்போல இணைப்புப் பகுதியை இழுத்துச் சரிசெய்யவும் அதில் பெரிதாக இடமில்லை, ஆகவே மற்றவர்கள்தான் அதனோடு சேர வேண்டும். மூன்றாவது வரிசையில் நான். அவள் 'ஏ' பிடித்தாள். அறுபது பிள்ளைகள் வந்து அதில் சேர்ந்தார்கள். நூல் சிவப்பு, என் சீவாளி. பக்கத்திலிருந்தவரிடம் சொல்லலாமா என்று வாயெடுத்தேன்.

இசை நடத்துநர் மேடைக்கு வருவதற்குள் அவள் அதைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துச் செருகினாள். அதில் பச்சை நூல். கோடை விடுமுறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவளே கட்டியது.