எல்பிஐசி-2 மின்னஞ்சல் பகுதிக்கு மெயில்மேனை ஓட்டிப் பாருங்கள்

லினக்ஸ் நிர்வாகிகளுக்கான சான்றிதழான எல்பிஐசி-2 தேர்வின் 202ஆம் தாளில் 60 கேள்வி, 90 நிமிடம். மின்னஞ்சல் பகுதிக்கு மொத்த எடை (பாடத்திட்டத்தில் அதற்குத் தரும் முக்கியத்துவ மதிப்பு) 8தான் என்பதால் பலர் அதைக் கடைசி நேரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். தள்ளாதீர்கள். நான் அதற்குப் படித்தது, ஒரு விர்ச்சுவல் மெஷினில் மின்னஞ்சல் குழுக்களை நடத்தும் மென்பொருளான மெயில்மேன் 3ஐ நிறுவி, பிரவுசர் பக்கமே போகாமல் டெர்மினலிலேயே ஓட்டித்தான். மெயில்மேன் பாடத்திட்டத்தில் இல்லை. ஆனால் அஞ்சலை அனுப்பி வாங்கும் சர்வரான போஸ்ட்ஃபிக்ஸைப் புரிந்துகொள்ளாமல் அதை ஓட்டவே முடியாது, அதுதான் நமக்கு வேண்டியது.

முதலில் ஒரு எச்சரிக்கை: தேடினால் கிடைக்கும் பழைய குறிப்புகளில் நியூலிஸ்ட், கான்ஃபிக்_லிஸ்ட் என்று கட்டளைகள் வந்தால் அது 2.1 பதிப்பு, பைத்தான் 2ஐ நம்பியிருப்பது, விட்டுவிடுங்கள். 2015இல் வந்த 3ஆம் பதிப்பில் எல்லாமே 'மெயில்மேன்' என்ற ஒரே கட்டளைக்குள் இருக்கிறது. ரூட்டாக ஓட்டினால் மறுத்துவிடும். டெபியனில் 'லிஸ்ட்' என்ற பயனராக மாறிக்கொள்ளுங்கள்.

'மெயில்மேன் கிரியேட்' கொடுத்து ஒரு குழுவை உருவாக்கியதும் போஸ்ட்ஃபிக்ஸ்_எல்எம்டிபி என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். ஒரே குழுவுக்கு ஒன்பது முகவரிகள்: குழுவின் முகவரி, அப்புறம் ஓனர், ஜாயின், லீவ், பவுன்சஸ் என்று வால் ஒட்டிய எட்டு. ஒவ்வொன்றின் எதிரிலும் 8024 போர்ட். அந்த வரிகளைப் பார்த்தபோதுதான் டிரான்ஸ்போர்ட் மேப் (எந்த முகவரிக்கு வரும் அஞ்சலை எங்கே அனுப்புவது என்ற பட்டியல்) என்பது என்ன செய்கிறது என்று எனக்கு உறைத்தது. உடனே போஸ்ட்மேப் கட்டளையில் க்யூ (-q) விருப்பத்தைப் போட்டு ஒரு முகவரியைக் கேளுங்கள், எங்கே அனுப்பும் என்று அதுவே சொல்லும். பதில் வராவிட்டால் கோளாறு மெயில்மேனில் இல்லை, மேப்பில்.

அடுத்ததை அவசியம் செய்யுங்கள். மெயில்மேனை நிறுத்திவிட்டு, 'இன்ஜெக்ட்' மூலம் ஒரு அஞ்சலை உள்ளே போடுங்கள்; அது 'இன்' வரிசையில் பிசிகே (.pck) கோப்பாக உட்கார்ந்திருக்கும், 'க்யூஃபைல்' கொடுத்தால் உள்ளே இருப்பதைப் படிக்கலாம். பிறகு ஸ்டார்ட். அனுப்புநர் உறுப்பினராக இருந்தால் இன், பைப்லைன், அவுட் என்று நகர்ந்து போஸ்ட்ஃபிக்ஸ் கைக்குப் போகும். இல்லையென்றால் இயல்பான அமைப்பில் மட்டுறுத்துநருக்காக நின்றுவிடும். போஸ்ட்ஃபிக்ஸ் பக்கத்தில் மெயில்க்யூவையும் (காத்திருக்கும் அஞ்சல்களின் வரிசை) மெயில் லாக்கையும் இன்னொரு ஜன்னலில் திறந்து வைத்திருங்கள். ஒரு அஞ்சலை இப்படி முழுசாகப் பின்தொடர்ந்துவிட்டால் லாக் வரியைக் காட்டி 'எங்கே நின்றது' என்று கேட்டால் யோசிக்கவே வேண்டாம்.

தேர்வில் கோடிட்ட இடம் நிரப்பும் கேள்விகளும் உண்டு. நியூஅலையசஸ், போஸ்ட்கான்ஃப் மாதிரிக் கட்டளைப் பெயர்களை நகலெடுத்து ஒட்டிப் பழகாமல் கையால் அடித்துப் பழகுங்கள்.

டவ்காட் (அஞ்சல் பெட்டியைப் படிக்கக் கொடுக்கும் சர்வர்), சீவ் (வரும் அஞ்சலைப் பிரிக்கும் விதிகளை எழுதும் மொழி) இரண்டும் ஆளுக்கு 2 எடை. தனியாகப் படிக்க வேண்டாம், அதே மெஷினில் இரண்டு பயனர்களைக் குழுவில் சேர்த்து, லிஸ்ட்-ஐடி தலைப்பைப் பார்த்து அஞ்சலைத் தனி ஃபோல்டரில் போடும் சீவ் விதியை எழுதுங்கள். மேலே 'ரிக்வயர்' வரியில் ஃபோல்டரில் போடும் கட்டளையான ஃபைல்இன்டூவைக் குறிப்பிடாவிட்டால் விதி ஓடாது. வேண்டுமென்றே அந்த வரியை எடுத்துவிட்டு, சீவ் விதியைத் தொகுக்கும் சீவ்சி கட்டளை என்ன பிழை சொல்கிறது என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.